லுவா என்னும் நிரல்மொழி: கரைநாட்டு மாணவர்க்கு ஒரு தொடக்கப் பாடம்

நெய்தல் நிலத்துப் பழம்பட்டினங்களுள் குலசேகரன்பட்டினமும் ஒன்று. திருச்செந்தூருக்குத் தெற்கே, மணப்பாட்டிற்கு அணித்தாக, மன்னார்க் குடாக் கடலை நோக்கி நிற்கும் இவ்வூர், ஒருகாலத்தே கப்பலுக்கும் உப்பிற்கும் பெயர்பெற்றிருந்தது. இன்றோ முத்தாரம்மன் கோயில் தசராப் பெருவிழாவினாலும், 2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்ற விண்கல ஏவுதளத்தினாலும் நாடறிந்த ஊராய் விளங்குகின்றது. இலங்கைத் தீவினை ஒதுக்கி வளைந்து செல்லாது, நேரே தென்றிசை நோக்கிச் சிறு ஏவுகலங்களைச் செலுத்துதற்கு இக்கரை ஏற்ற இடம் என்பது இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தார் துணிபு.

விண்ணிற் செல்லும் கலத்தைக் கணந்தோறும் ஆள்வது நிரல் எனப்படும் கட்டளைத் தொடரேயாம். ஆதலின் இக்கரையின் இளைஞர் பலர் இப்பொழுது நிரல்மொழி பயில விழைகின்றனர். அவர்களுள் தமிழ் பயிலும் மாணவரும் உளர். அவரை நோக்கி, ‘கணினி கணிதம் வல்லார்க்கே உரியது, நன்னூலும் தொல்காப்பியமும் பயில்வார்க்கு அதனால் ஆவதென்னை?’ என்று வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடையிறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கணம் கற்ற மாணவனுக்கு நிரல்மொழி எளிது என்பதும், அவனன்றிப் பிறர் செவ்வனே செய்தற்கரிய பணியொன்று இக்கரையிலே காத்துக் கிடக்கின்றது என்பதும் யாம் கூற விழையும் இரண்டு செய்திகளாம்.

பெயரும் பிறப்பும்

நிரல்மொழிகள் பலவற்றுள் லுவாவை யாம் தேர்ந்துகொண்டமைக்குக் காரணம் மூன்று. முதலாவது, அது மிகச் சிறியது. பழைய கணினியிலும் இயங்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டெர்மக்ஸ் என்னும் செயலியை நிறுவினால் அதன்கண்ணும் இயங்கும். இரண்டாவது, அது விலையின்றிக் கிடைப்பது. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த 5.0 என்னும் பதிப்பு முதலாக எம்ஐடி உரிமம் என்னும் தாராளமான உரிமத்தின்கீழ் வழங்கப்படுகின்றது. மூன்றாவது, அதன் விதிகள் மிகச் சில.

இம்மொழி 1993ஆம் ஆண்டிலே பிரேசில் நாட்டு ரியோ டி ஜெனீரோ நகரத்துக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. ரொபேர்ட்டோ யெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்றிக் டி ஃபிகெய்ரேடோ, வால்டெமார் செலெஸ் என்னும் மூவர் இதனை ஆக்கினர். அந்நாட்டின் எண்ணெய் நிறுவனமாகிய பெட்ரோபிராசுக்காக அவர்கள் முன்னரே இரண்டு சிறு மொழிகளை வகுத்திருந்தனர். அவற்றுள் ஒன்றன் பெயர் சோல் என்பது. போர்த்துக்கீசிய மொழியில் சோல் என்றால் ஞாயிறு. லுவா என்றால் திங்கள். ஞாயிற்றின்பின் திங்கள் தோன்றினாற்போல, சோல் மொழிக்குப்பின் தோன்றிய இதற்கு அப்பெயர் அமைந்தது. அக்காலத்துப் பிரேசில் அரசு வெளிநாட்டுக் கணினிப் பொருள்கள் உள்நுழைவதற்குப் பல தடைகளை விதித்திருந்தது. வேண்டிய கருவியை வெளியிலிருந்து பெறுதல் அரிதாயினமையின், வேண்டுவதைத் தாமே செய்துகொள்ளும் பழக்கம் அங்குள்ளார்க்கு வாய்த்தது. கருவியின்மை கருவிக்கே தாயாயிற்று எனலாம்.

போர்த்துக்கீசியம் நம் கரைக்குப் புதிய மொழியன்று. முத்துக்குளித்துறைப் பரதவர் கிறிஸ்துவ மறையைத் தழுவிய பதினாறாம் நூற்றாண்டு முதலாக அம்மொழிச் சொற்கள் தமிழிற் கலந்துள்ளன. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பாதிரி என்பனவெல்லாம் அங்ஙனம் வந்தனவே. புன்னைக்காயலில் நெடுங்காலம் பணிபுரிந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழில் ஆக்கிய தம்பிரான் வணக்கம் 1578ஆம் ஆண்டிலே கொல்லத்தில் அச்சாயிற்று. அச்சுப்பொறி என்பது அந்நாளில் இக்காலக் கணினியைப்போலப் புத்தம்புதியதொரு கருவி. அதனை அயற்பொருள் என்று ஒதுக்காது, தமிழெழுத்தை ஈயத்தில் வார்த்தனர் முன்னோர். அவர் வழிவந்த நாம் லுவாவைக் கண்டு அஞ்சுதல் வேண்டா.

எட்டுவகைப் பொருளும் இருபத்திரண்டு சொல்லும்

நிரல் எழுதுவோன் அம்மொழியின் கட்டளைச் சொற்களை உரோமன் எழுத்திலேயே இடல் வேண்டும். இஃது இம்மலரின் தமிழ்ப் பகுதியாதலின், ஈண்டு அவற்றைத் தமிழெழுத்தில் ஒலிபெயர்த்துக் காட்டுகின்றோம். மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் விளக்கத்தின் பொருட்டுத் தமிழ்ப்பெயர் இட்டுள்ளோம். நிரலில் அவற்றையும் உரோமன் எழுத்தாலேயே அமைத்துக்கொள்க. மேற்கோட்குறியுள் நிற்கும் செய்திகள் தமிழிலேயே இருக்கலாம், அதற்குத் தடையில்லை.

லுவாவில் பொருள்கள் எட்டு வகைப்படும். அவையாவன: ஒன்றுமின்மையைக் குறிக்கும் நில், மெய் பொய் என்னும் இரண்டாகிய பூலியன், எண், எழுத்துத் தொடராகிய சரம், செயற்கூறு, அட்டவணை, இடையிலே நிறுத்தி மீளத் தொடர்தற்குரிய இழை, பிறமொழியிலிருந்து கொணரப்படும் யூசர்டேட்டா. இவற்றுள் இறுதி இரண்டும் தொடக்கத்தார்க்கு வேண்டா.

ஒதுக்கப்பட்ட கட்டளைச் சொற்கள் 5.4ஆம் பதிப்பில் 22 மட்டுமே. தமிழ் மாணவன் மனனஞ் செய்யும் நூற்பாக்களை நோக்க, இஃது ஒரு நாட்பாடமும் ஆகாது. அவற்றுள் லோக்கல், ஃபங்ஷன், இஃப், தென், எல்ஸ், எல்ஸ்இஃப், ஃபார், இன், வைல், டூ, ரிட்டர்ன், எண்ட் என்னும் பன்னிரண்டையும் அறிந்தால் பயனுள்ள நிரல்களை எழுதத் தொடங்கலாம்.

ஓர் எடுத்துக்காட்டுத் தருதும். உப்பளத்தில் கடல்நீர் பாத்தி பாத்தியாக வெயிலிற் சுண்டுங்கால், அதன் செறிவினைப் போமே என்னும் அளவையாற் கணிப்பர். உப்பளத்தார் அதனை டிகிரி என்றே வழங்குவர். கடல்நீர் ஏறத்தாழ 3 பாகையில் உள்ளது. 25 பாகையளவில் உப்பு விளையத் தொடங்கும். 29 பாகையைக் கடப்பின் கசப்பூட்டும் மக்னீசிய உப்புக்கள் மிகுந்து விளைவின் தரம் கெடும். இவ்வறிவினை லுவாவில் இங்ஙனம் அமைக்கலாம்:

லோக்கல் பாகை = 26
இஃப் பாகை < 25 தென்
  பிரிண்ட்("உப்பு இன்னும் விளையவில்லை")
எல்ஸ்இஃப் பாகை <= 29 தென்
  பிரிண்ட்("உப்பு விளையும் பதம்")
எல்ஸ்
  பிரிண்ட்("எஞ்சிய கசப்புநீரை வடித்துவிடுக")
எண்ட்

லோக்கல் என்பது ‘இம்மாறி இவ்விடத்திற்கே உரியது’ என்று வரையறுப்பது. அச்சொல்லை விடுத்தால் மாறி நிரல் முழுதுக்கும் பொதுவாகிப் பிறிதோரிடத்துள்ள அப்பெயரோடு மயங்கும். ஆதலின் அதனை எழுதுதல் நன்று. இஃப் என்பது ‘ஆயின்’ என்னும் பொருட்டு; எல்ஸ் என்பது ‘அன்றேல்’ என்னும் பொருட்டு. இத்தகைய கட்டு எண்ட் என்னும் சொல்லால் முடிவுறும். வாக்கியம் வினைமுற்றால் முடிதல் போன்றதே அது.

பிறமொழி பயின்று வருவோர் சில வேறுபாடுகளை நினைவிற் கொள்க. லுவாவில் நில், ஃபால்ஸ் என்னும் இரண்டுமே பொய்யாகக் கொள்ளப்படும். சூனியமாகிய 0 கூட மெய்யே. சமமின்மையைக் குறிக்கும் குறி ~= என்பது. சரங்களை இணைக்கும் குறி இரண்டு புள்ளிகள். இவை சிறு செய்திகளே. ஆயினும் ஒற்று மிகுமிடமும் மிகாவிடமும் அறிந்து எழுதுவார்க்கு இத்தகைய நுண்மை புதிதன்று.

சாவியும் பெட்டகமும்

லுவாவின் சிறப்பெல்லாம் அட்டவணை என்னும் ஒன்றில் அடங்கும். பிறமொழிகளில் வரிசை, அகராதி, தொகுதி என்று பலவாக நிற்பனவற்றை லுவா இவ்வொன்றாலேயே முடித்துக்கொள்ளும். அட்டவணையைப் பல அறைகளையுடைய அலமாரியாகக் கருதுக. ஒவ்வோர் அறைக்கும் ஒரு சாவி உண்டு. சாவியைக் காட்டினால் உள்ளிருக்கும் பொருள் வெளிப்படும். அலமாரி, சாவி என்னும் இரண்டு சொற்களும் போர்த்துக்கீசிய வழி வந்தமை ஈண்டு நினைந்து மகிழ்தற்குரியது.

சாவியாக எண்ணும் அமையலாம், சொல்லும் அமையலாம். எண் சாவியாகுங்கால் வரிசை 1 என்பதிலே தொடங்கும். பல மொழிகளிற்போல 0 என்பதிலே தொடங்காது. தமிழ்ச்சொல்லைச் சாவியாக்கலாம் என்பது நமக்குப் பேருதவியாகும்:

லோக்கல் கரைச்சொல் = {}
கரைச்சொல்["சலாபம்"] = "முத்துக்குளிப்பு"
கரைச்சொல்["பார்"] = "கடலடிப் பாறைத்திட்டு"
கரைச்சொல்["கொண்டல்"] = "கீழ்காற்று"
கரைச்சொல்["கச்சான்"] = "மேல்காற்று"

இவ்வைந்து வரிகளாலே ஒரு சிற்றகராதி பிறந்துவிட்டது. பிரிண்ட்(கரைச்சொல்["பார்"]) என்றால் கணினி பொருளுரைக்கும். இல்லாத சொல்லைக் கேட்பின் நில் என்னும் விடை வரும்.

முன்னர் யாம் குறித்த பணி இதுவே. தூத்துக்குடிக் கரையில் 1961ஆம் ஆண்டிற்குப்பின் சலாபம் நடைபெறவில்லை. தொழில் நின்றால் தொழிற்சொல்லும் நிற்கும். பாரின் பெயரும், குளிப்பாரும் கயிறுபிடிப்பாரும் தம்முள் வழங்கிய சொல்லும், சிப்பியை எண்ணிப் பங்கிட்ட முறையும், முத்தைத் தரம்பிரித்த பெயர்களும் முதியோர் நாவிலே மட்டும் எஞ்சி நிற்கின்றன. கட்டுமரம் போய் ஃபைபர் வள்ளம் வந்தபின், கட்டுமரத்து உறுப்புக்களின் பெயரும் இளையோர்க்கு விளங்காவாயின. இச்சொற்களைக் கேட்டு எழுதிப் பிழையின்றி வரிசைப்படுத்தி வைத்தல் தமிழ் மாணவனுக்கு உரிய கடமை. ஏட்டில் எழுதினாலும் ஆகும். ஆயினும் சொற்கள் ஆயிரத்தைக் கடக்குமிடத்து அவற்றை வரிசைசெய்தலும், ஒரே சொல் இருமுறை வந்துளதா என ஆராய்தலும், ஊர்வாரியாகப் பிரித்தலும் மனிதக் கைக்குப் பெருஞ்சுமை. நிரலுக்கோ நொடிப்பொழுதின் வேலை.

எழுத்தெண்ணல்

இனி, இலக்கணம் கற்றவன் கைகொடுக்க வேண்டிய இடத்திற்கு வருதும். லுவாவில் சரத்தின் நீளத்தைக் காண # என்னும் குறியைச் சரத்தின் முன் இடுவர். "முத்து" என்னும் சொல்லிற்கு அதனை இட்டால் 18 என்னும் விடை வரும். மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பதினெட்டா என்று தொடக்கத்தார் திகைப்பர். காரணம் இது: லுவா எண்ணுவது எழுத்தையன்று, பைட்டு என்னும் நினைவக அலகையே. யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. யுடிஎஃப்8 என்னும் முறையில் அவ்விடங்களுள் ஒவ்வொன்றும் மும்மூன்று பைட்டு கொள்ளும்.

‘முத்து’ என்பதனைக் கணினி ம, உகரக்குறி, த, புள்ளி, த, உகரக்குறி என ஆறு குறியெண்களாகச் சேமிக்கின்றது. ஆறை மூன்றாற் பெருக்கப் பதினெட்டாயிற்று. 2015ஆம் ஆண்டில் வந்த 5.3ஆம் பதிப்பு முதலாக லுவாவில் யுடிஎஃப்8 என்னும் பெயரிலேயே ஒரு நிரலகம் உள்ளடங்கி வருகின்றது. அதன் லென் என்னும் செயற்கூறு 6 என்னும் விடை தரும். அதுவும் நமக்கு வேண்டிய விடையன்று. மு, த், து என எழுத்து மூன்றே என்பதனை அறிவது தமிழிலக்கணம். அதனைக் கணினிக்கு நாமே கற்பித்தல் வேண்டும்.

கற்பிக்கும் வழி எளிது. உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் 3006 முதல் 3021 வரையுள்ள இடங்களில் அமைந்துள்ளன. அவை தனியெழுத்தாகா, முன்னின்ற மெய்யைச் சார்ந்தே நிற்பன. எனவே அக்குறிகளை விலக்கி ஏனையவற்றை எண்ணினால் எழுத்துத்தொகை கிட்டும்:

லோக்கல் ஃபங்ஷன் எழுத்தெண்(சொல்)
  லோக்கல் தொகை = 0
  ஃபார் இடம், கு இன் யுடிஎஃப்8.கோட்ஸ்(சொல்) டூ
    இஃப் கு < 3006 ஆர் கு > 3021 தென்
      தொகை = தொகை + 1
    எண்ட்
  எண்ட்
  ரிட்டர்ன் தொகை
எண்ட்

கோட்ஸ் என்பது சொல்லிலுள்ள குறியெண்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது. ஆர் என்பது ‘அல்லது’ என்னும் பொருட்டு. குலசேகரன்பட்டினம் என்னும் பெயரை இச்செயற்கூற்றிற்கு அளித்துச் சரிபார்ப்போம். பைட்டு 51, குறியெண் 17, அவற்றுள் சார்குறிகள் ஆறு, எஞ்சியன 11. கு, ல, சே, க, ர, ன், ப, ட், டி, ன, ம் என விரல்விட்டு எண்ணினும் பதினொன்றே. ஔகாரத்தின் வலப்புறக் குறி 3031 என்னும் இடத்தில் தனித்து வருதலும் உண்டாதலின், அதனையும் விலக்கும்படி நிபந்தனையை விரித்தல் நன்று. சொல்லோடு இடைவெளியோ எண்ணோ கலந்திருப்பின் அவற்றை முன்னரே நீக்கிக்கொள்க.

அகரவரிசை

அடுத்த இடர் வரிசைபற்றியது. லுவாவின் டேபிள்.சார்ட் என்னும் செயற்கூறு பட்டியலை வரிசைப்படுத்தும். ஆயின் வேறு கட்டளை தாராவிடத்து அது பொதுவாகப் பைட்டு வரிசையையே பின்பற்றும். யூனிகோட்டில் ன என்பது ந என்பதனை அடுத்தும், ற என்பது ர என்பதனை அடுத்தும், ழ என்பது ள என்பதன் பின்னும் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே மரம், மழை, மறம், மனம் என நிற்க வேண்டிய சொற்கள் மனம், மரம், மறம், மழை என மாறி நிற்கும். மேலும் புள்ளியின் இடம் உயிர்க்குறிகட்கெல்லாம் பின்னதாகலின், மெய்யை உயிர்மெய்க்கு முன்வைக்கும் அகராதி மரபும் பிறழும். ‘பட்டு’ முன்னும் ‘படகு’ பின்னுமாக வரவேண்டியவை இடம்மாறும். 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியைப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு இப்பிறழ்ச்சி பொறுக்கலாகாது.

இதற்குத் தீர்வும் நம் நெடுங்கணக்கிலேயே உளது. உயிர் 12, ஆய்தம் 1 ஆகப் பதின்மூன்று. மெய்யொன்றற்குப் புள்ளியெழுத்து 1, உயிர்மெய் 12 ஆக மீண்டும் பதின்மூன்று. பதினெட்டு மெய்க்கும் 18 × 13 = 234; அதனோடு முன்னைய 13 கூட்ட 247. உயிர்க்கு 1 முதல் 12 வரையும், ஆய்தத்திற்கு 13உம் கொடுத்துவிடின், ஏனைய எழுத்துக்கெல்லாம் ஒரே வாய்பாடு போதும்: மெய்யின் வரிசையெண்ணைப் பதின்மூன்றாற் பெருக்கி, உயிரின் வரிசையெண்ணைக் கூட்டி, மேலும் ஒன்று கூட்டுக. புள்ளிக்கு உயிரெண் சூனியம் எனக் கொள்க.

சான்றாக, ம என்பது பத்தாம் மெய். உ ஐந்தாம் உயிர். மு = 130 + 5 + 1 = 136. த ஏழாம் மெய்யாதலின் த் = 91 + 0 + 1 = 92; து = 91 + 5 + 1 = 97. எனவே ‘முத்து’ என்பது 136, 92, 97 என்னும் மூன்று எண்களாயிற்று. முதல்மெய்யாகிய க் 14 பெறும். இறுதியெழுத்தாகிய னௌ 247 பெறும். ஓரெழுத்தும் விடுபடாமையும், ஓரெண்ணும் இருமுறை வாராமையும் காண்க. நம் முன்னோர் வகுத்த நெடுங்கணக்கு எத்துணை ஒழுங்குடையது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

இனி, இரு சொற்களை எண்வரிசைகளாக்கி, முதலெண்ணோடு முதலெண்ணை ஒப்பிட்டு, அவை ஒத்தவழி அடுத்ததனை ஒப்பிட்டு, முந்தியது எது எனக் கூறும் செயற்கூறொன்றை எழுதி, அதனைச் சார்ட்டிற்கு இரண்டாம் உறுப்பாக அளிக்க வேண்டும். இரு சொல்லும் முற்றும் ஒத்திருப்பின் அச்செயற்கூறு ஃபால்ஸ் என்றே விடையிறுத்தல் வேண்டும். அன்றேல் லுவா ஒழுங்கின்மை கண்டு பிழைகூறி நின்றுவிடலும் கூடும். ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துக்களைப் பதினெட்டின்பின் தொடர்ந்து எண்ணிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். இவ்வளவையும் அறுபது வரிகளுக்குள் எழுதி முடித்தல் இயலும். மாணவர் முயன்று பார்க்கத்தக்க பயிற்சி இஃது.

பிறர் செய்த கருவிகளைத் தேடல்

எல்லாவற்றையும் தானே செய்ய முயல்வது கடலோடி ஆணியையும் தானே வடிப்பதை ஒக்கும். பிறர் செய்து பொதுவில் வைத்த செயற்கூறுகளின் தொகுதியே நிரலகம் எனப்படும். லுவாவோடு உடன் வருவன சரம், அட்டவணை, கணிதம், கோப்பு, யுடிஎஃப்8 முதலிய சிலவே. ஏனையவற்றை லுவாராக்ஸ் என்னும் களஞ்சியத்திற் பெறலாம். திங்களின் பெயருடைய மொழிக்குத் துணைநிற்கும் நிரலகங்களைத் திங்களின் பாறைகள் என்று நகையாகப் பெயரிட்டனர். லுவாராக்ஸ் சர்ச் என்னும் கட்டளை தேடித் தரும். லுவாராக்ஸ் இன்ஸ்டால் என்னும் கட்டளை நிறுவித் தரும். நிரலினுள் ரிக்குவையர் என்னும் செயற்கூறு அதனை அழைத்துக்கொள்ளும்.

நம் சொற்றொகுப்புப் பணிக்குப் பயன்படுவன சிலவற்றைக் கூறுதும். ஓர் உறையிலுள்ள கோப்புக்களையெல்லாம் பட்டியலிட லுவாஃபைல்சிஸ்டம் உதவும். பட்டியலாகவும் சரமாகவும் உள்ளவற்றைக் கையாளப் பலவகைச் சிறு கருவிகளைப் பென்லைட் தரும். எழுத்துத்தொடரை இலக்கண விதிபோல விதியெழுதிப் பகுத்தற்கு எல்பெக் என்பது மிகச் சிறந்தது. அதனை ஆக்கியவர் லுவாவை ஆக்கிய யெருசலிம்ஸ்கியே. பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை எனப் பகுத்துப் பழகியவர்க்கு எல்பெக்கின் போக்கு இனிது விளங்கும். தொகுப்புப் பெரிதாயின் எஸ்க்யூலைட் என்னும் தரவுத்தளத்தோடு இணைக்கும் நிரலகமும் உண்டு. லுவாவின் இயல்பான சரப்பொருத்தம் பைட்டளவில் நிகழ்வதாகலின், தமிழெழுத்துக்களைப் பொருத்த லுவாயுடிஎஃப்8 என்னும் நிரலகம் துணையாகும். பைத்தான் மொழியில் ஓப்பன் தமிழ் என்னும் நிரலகம் சொல்லைத் தமிழெழுத்தாகப் பகுத்துத் தருகின்றது. அதன் நிரல் பொதுவில் உள்ளமையின் அதனைப் படித்து அந்நெறியை லுவாவிற்குக் கொணரலாம்.

நிரலகத்தைத் தேருங்கால் ஐந்து வினாக்களை எழுப்புக. அஃது எப்பதிப்பிற்கு உரியது? ஏனெனின் 5.1 முதல் 5.4 வரையுள்ள பதிப்புக்கள் தம்முள் சிறிது வேறுபடும். அதன் உரிமம் யாது? விளக்கவுரையும் எடுத்துக்காட்டும் உளவோ? அண்மையிற் பேணப்பட்டதோ? முற்றும் லுவாவில் எழுதப்பட்டதோ, அன்றி சி மொழிப் பகுதியும் உடையதோ? சி மொழிப் பகுதி உடையதாயின் அதனைக் கணினிக்கேற்பத் தொகுத்தல் வேண்டும். கைப்பேசியில் அது தொல்லை தரலாம். இவ்வைந்திற்கும் விடை நன்றாயின் கொள்க. இன்றேல் வேறு தேடுக. பெரிய நிரலகத்தினும் படித்துணரத்தக்க சிறிய நிரலகம் மாணவர்க்கு நலம் பயக்கும்.

கற்றதனைப் பயன்படுத்தும் களங்கள் பல. விக்கிப்பீடியாவும் அதன் உடன்பிறப்புக்களும் 2013ஆம் ஆண்டு முதல் ஸ்கிரிபுண்டோ என்னும் நீட்சியால் லுவாவை ஏற்றுள்ளன; அப்பெயர் ‘அவர்கள் எழுதுவாராக’ எனப் பொருள்தரும் இலத்தீன் சொல். தமிழ் விக்கிப்பீடியாவிலும் தமிழ் விக்சனரியிலும் வார்ப்புருக்கள் பலவற்றின் பின்னே லுவா நிரல்கள் இயங்குகின்றன. அங்கே 5.1ஆம் பதிப்பே வழக்கிலுள்ளமையின், யுடிஎஃப்8 நிரலகத்திற்குப் பதிலாக யூஸ்ட்ரிங் என்னும் ஒன்று தரப்பட்டுள்ளது. வெளி நிரலகங்களை அங்கே நிறுவ இயலாது. அச்சுக்கோப்பில் லுவாடெக் என்னும் கருவி லுவாவை உட்கொண்டது. நம் அகராதியை அதனாலேயே அழகிய நூலாக அச்சிடலாம். நோட்எம்சியு என்னும் சிறு மின்பலகையும் லுவாவில் இயங்கும். உப்பளத்து வெம்மையையும் காற்றின் ஈரத்தையும் குறித்து வைக்கும் கருவியொன்றை அதனால் அமைத்தல் கூடும்.

பயிலும் முறை

தனித்துப் பயில்வார்க்கு யெருசலிம்ஸ்கி எழுதிய புரோகிராமிங் இன் லுவா என்னும் நூல் சிறந்த வழிகாட்டி. 2003ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் முதற்பதிப்பு இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. அது 5.0 என்னும் பதிப்பிற்கு எழுதப்பட்டதாகலின், புதியன சிலவற்றை லுவாவின் குறிப்பேட்டைக் கொண்டு நிரப்பிக்கொள்க. நாடோறும் அரைமணி நேரம் போதும். முதல் வாரம் மாறியும் நிபந்தனையும். இரண்டாம் வாரம் அட்டவணையும் சுற்றும். மூன்றாம் வாரம் செயற்கூறு. நான்காம் வாரம் கோப்பைப் படித்தலும் எழுதுதலும். ஐந்தாம் வாரத்தில் எழுத்தெண்ணும் நிரலும் அகரவரிசை நிரலும் கைவந்துவிடும். எழுதிய நிரலை ஒருவருக்கொருவர் படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளல் நன்று; யாப்பினைப் பயிலும் மாணவர் தம்முள் செய்யுள் காட்டித் திருத்திக்கொள்வது இங்கும் பொருந்தும்.

பின்னர் விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால் ஒரு குறிப்பேட்டை உடன்கொண்டு செல்க. பாட்டனாரையும் பாட்டியாரையும் அணுகிக் காற்றின் பெயர் எத்தனை, நீரோட்டத்தின் பெயர் எத்தனை, வலையின் உறுப்பு யாது, பாத்தியின் பெயர் யாது என்று பணிவுடன் கேட்டு, அவர் ஒலித்தவாறே எழுதுக. சொல், பொருள், ஊர், கேட்ட நாள் என நான்கினையும் ஒரு வரியில் இடுக. சொன்னவர் உடன்பாடின்றி அவர் பெயரை வெளியிடற்க. மணப்பாட்டார் வழக்கும் குலசேகரன்பட்டினத்தார் வழக்கும் வேறுபடுமாயின் இரண்டனையும் கொள்க. ஒன்றனை வழுவென்று தள்ளற்க. அத்தகைய கோப்புக்கள் பல ஒருங்கே வந்தால், அவற்றை இணைத்து வரிசைப்படுத்தி நூலாக்கும் நிரல் நம்மிடம் ஆயத்தமாயிருக்கும்.

மாணவ நண்பர்காள்! ஏவுதளத்திலிருந்து எழும் கலம் விண்ணை நோக்கும். அதனைக் கண்டு மகிழ்வோம். அதே கரையில் முத்துக்குளித்தோர் வழங்கிய சொல் மண்ணில் மறைதல் தகுமோ? தாலந்தினைப் புதைத்துவைத்த ஊழியனின் கதை நாம் இளமை முதற் கேட்டு வருவது. தமிழறிவு ஒரு தாலந்து, கருவியறிவு மற்றொன்று. இரண்டினையும் ஒருங்கே முதலாக இட்டு உழைப்போமாயின், நம் முன்னோர் கடலடியிலிருந்து எடுத்த முத்தினைப்போல அவர்தம் சொற்களும் ஒளியுடன் நிலைபெறும். அம்முயற்சிக்கு ஆண்டவன் திருவருள் துணைநிற்பதாக.